கணினி எழும்பாத நாளில்: 70 ஆண்டு வரலாறு சொல்லும் பாடம்



"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில தட்டினா ஒன்னுமே வரல." வீட்டுக் கணினி பழுதானவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அடுத்த கேள்வியும் நமக்குத் தெரிந்ததுதான்: "உள்ள இருந்ததெல்லாம் போச்சா?"

ஆசிரியர் வீட்டுக் கணினியில் 'உள்ளே இருப்பது' என்ன? நாள் பாடத்திட்டம், வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவுகள், பல ஆண்டுகளாகச் சேர்த்த பயிற்சித்தாள்கள், பள்ளி விழாப் படங்கள். மாணவர் கணினி என்றால் எஸ்.பி.எம். தேர்வுக்கு எழுதிவைத்த சுருக்கக் குறிப்புகளும் மாதிரிக் கட்டுரைகளும். கணினியை வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கணினி தொடங்குவது ஒரு வேலை, தகவலைச் சேமித்து வைப்பது இன்னொரு வேலை. முதலாவது நின்றுபோனால் இரண்டாவதும் அழிந்துவிட்டது என்று பொருளில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கணினித் தொடக்கத்தின் வரலாற்றைப் பாருங்கள். பதற்றம் பாதி குறையும்.

1. தன் தோளில் தானே ஏறும் வித்தை

கணினி ஒரு நிரலைப் படிக்க வேண்டுமானால், 'எப்படிப் படிப்பது' என்று சொல்லும் இன்னொரு நிரல் அதற்குள் முன்பே இருக்க வேண்டும். அந்த நிரலை யார் உள்ளே வைப்பது? தன் தோளில் தானே ஏறி நிற்பது போன்ற சிக்கல் இது. ஆங்கிலத்தில், தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்று ஒரு வழக்கு உண்டு. அந்த வாருக்குப் 'பூட்ஸ்ட்ராப்' என்று பெயர். இன்று நாம் "கம்ப்யூட்டர் பூட் ஆகல" என்று சொல்லும் 'பூட்' அதிலிருந்து வந்தது.

தொடக்கக் காலத்தில் இந்தச் சிக்கலுக்கு மனிதரின் கைதான் விடை. 1952இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 701 கணினியில் 'லோட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், துளையிட்ட அட்டையிலிருந்து முதல் கட்டளை உள்ளே போகும். அந்தக் கட்டளை அடுத்ததைக் கூப்பிடும். 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினியில் நிலைமை இன்னும் கடினம். முன்பக்கத்து விசைகளை மேலும் கீழும் தட்டித் தட்டி, தொடக்க நிரலைப் பயனரே உள்ளிட வேண்டும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டியதுதான்.

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் வெளியான ஐ.பி.எம். பி.சி.யில் பயனருக்கு இந்தத் தொல்லை இல்லை. தொடக்க நிரல், மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் பயாஸ். விசையைத் தட்டியதும் பயாஸ் முதலில் தன் உறுப்புகளைச் சோதிக்கும். எல்லாம் சரியென்றால் ஒரு சிறிய 'பீப்' ஒலி. பிறகு வட்டைத் தேடும். வட்டே இல்லாவிட்டாலும் அந்தக் கணினி சும்மா நிற்காது; சில்லில் இருந்த பேசிக் மொழி திரையில் வந்து நிற்கும். ஆக, சேமிப்பு வட்டு இல்லாமலேயே கணினி தொடங்க முடிந்தது. அதேபோல், கணினி தொடங்காமலேயே வட்டில் தகவல் பத்திரமாக இருக்கவும் முடியும்.

2. தொடக்கத்தைக் குறிவைத்த நச்சுநிரல்கள்

வட்டின் முதல் பகுதியில்தான் 'இங்கிருந்து தொடங்கு' என்னும் குறிப்பு இருக்கும். அந்த இடத்தில் கைவைத்தால் கணினியை அடக்கிவிடலாம் என்பதை நச்சுநிரல் எழுதியவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திய சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்னும் நிரல், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறியது. வட்டு கைமாறக் கைமாற அதுவும் பயணம் செய்தது. ஐ.பி.எம். பி.சி.யைத் தாக்கிய முதல் நச்சுநிரலாக இதைக் குறிப்பிடுவார்கள்.

அதைவிடக் கொடியது சி.ஐ.எச். தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998இல் எழுதியது. அவர் பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயராயின. 1999 ஏப்ரல் 26ஆம் நாள் அது விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்த தேதியும் அதுவே என்பதால் 'செர்னோபில் நச்சுநிரல்' என்றும் அழைத்தார்கள். விண்டோஸ் 95, 98 கணினிகளில் அது இரண்டு வேலை செய்தது. வன்தட்டின் முதல் 1 மெகாபைட் பகுதியைச் சுழியங்களால் நிரப்பியது. முடிந்த இடங்களில் பயாஸ் சில்லையும் அழித்தது. தென்கொரியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் ஏராளமான கணினிகள் எழும்பாமல் கிடந்தன.

"எல்லாம் போச்சு" என்று பலர் வட்டை ஃபார்மட் செய்தார்கள். ஆனால் பல வட்டுகளில் எல்லாம் போகவில்லை. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையை அன்றைய விண்டோஸ் இரண்டு பிரதிகளாக வைத்திருந்தது. ஃபாட்32 முறையில் அமைந்த பெரிய வட்டுகளில் இரண்டாவது பிரதி, அழிந்த 1 மெகாபைட்டுக்கு அப்பால் இருந்தது. வகுப்புப் பதிவேடு எரிந்துபோனாலும் அலுவலகத்தில் அதன் நகல் இருப்பது போல. அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கிப்சன் அந்த இரண்டாவது பிரதியைக் கொண்டு வட்டை மீட்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அவசரப்படாமல் காத்திருந்தவர்களுக்குக் கோப்புகள் கிடைத்தன. அவசரப்பட்டு ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியவர்களின் வட்டில் பழையவற்றின் மேல் புதியவை பதிந்துவிட்டன.

3. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக் கணினி

இதே காலத்தில்தான் நம் வட்டாரத்தில் கணினி வீட்டுக்குள் நுழைந்தது. கோலாலம்பூரில் கணினி வாங்க வேண்டுமென்றால் 1980களிலும் 90களிலும் இம்பி பிளாசாதான் பேர்போன இடம். 1999இல் அதன் அருகில் லோ யாட் பிளாசா திறக்கப்பட்டது. 1996இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் திட்டம் நாடெங்கும் கணினிப் பேச்சைப் பரப்பியது. 2000ஆம் ஆண்டளவில், கணினி வாங்க ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் சில காலம் அனுமதி இருந்தது. இன்று சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி. ஏறி, ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் இம்பி. பழுதான மடிக்கணினியோடு அந்த வழியில் போகிறவர்கள் இன்றும் உண்டு.

நம் ஊருக்கென்றே இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, இடிமின்னல். உலகில் இடிமின்னல் மிகுதியான பகுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மின்னல் இறங்கும்போது மின்கம்பி வழியாக வரும் அதிர்ச்சி முதலில் மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் தாக்கும். வன்தட்டு பல நேரங்களில் தப்பிவிடும். இன்னொன்று, வெள்ளம். 2021 டிசம்பர் 18ஆம் நாள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வீடுகளுக்குள் நீர் ஏறியதை நாம் மறக்க முடியாது. நீரில் நனைந்த கணினியை "சும்மா தட்டிப் பார்ப்போமே" என்று தட்டுவதுதான் பெரிய கேடு. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் தப்பித்திருந்த பாகமும் கருகிவிடும். நனைந்த வன்தட்டு சுழன்றால் உள்ளே போன சேறு தகட்டைக் கீறிவிடும். அப்படியே கழற்றி, தகவல் மீட்பில் தேர்ந்தவர்களிடம் கொடுப்பதே வழி.

4. 2024: ஒரு கோப்பு நிறுத்திய 85 லட்சம் கணினிகள்

அண்மைய உதாரணம் ஒன்று. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரப்படி நண்பகல் 12.09 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதில் இருந்த பிழையால் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. திரும்பத் தொடங்கினால் மறுபடியும் அதே நீலத் திரை. ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. ஏர் ஏசியா விமானப் பயணிகளின் பதிவுகளைக் கையால் செய்ய வேண்டிய நிலை வந்தது. நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் என்பதால் வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் தப்பின.

பிழையான புதுப்பிப்பை அந்த நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டது. அப்படியிருந்தும் சீரமைக்கப் பல நாள் பிடித்தது. ஏன்? எழும்பாத கணினி இணையத்தோடு இணையாது. இணையாத கணினிக்குத் திருத்தம் போய்ச் சேராது. ஆகவே பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், 'சேஃப் மோட்' என்னும் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்தக் கோப்பைக் கையால் நீக்கினார்கள். 1952இல் பொத்தானை அழுத்திய அதே மனிதக் கை 2024இலும் தேவைப்பட்டது. முக்கியமான செய்தி என்னவென்றால், அந்தக் கணினிகளில் இருந்த தகவல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தொடக்கம் மட்டுமே தடைபட்டது.

5. உங்கள் மேசையில் என்ன செய்வது?

வரலாறு காட்டும் ஒழுங்கிலேயே போகலாம்: மின்சாரம், பயாஸ், வட்டு, விண்டோஸ். எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி. விளக்கு எரியவில்லை, விசிறி ஓடவில்லை என்றால் அது மின்சாரச் சிக்கல். வேறு சுவர்ச் செருகியில் போட்டுப் பாருங்கள். மடிக்கணினி என்றால் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, தொடக்கப் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு மின்னேற்றியைச் செருகித் தட்டுங்கள்.

இரண்டாம் படி. விசிறி ஓடுகிறது, திரை கறுப்பு. மேசைக் கணினி என்றால் திரையின் கம்பியைச் சரிபாருங்கள். 'பீப்' ஒலி பல முறை கேட்டால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிக்குறிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நினைவகச் சில்லு தளர்ந்திருப்பது அடிக்கடி காணும் காரணம்.

மூன்றாம் படி. நிறுவனச் சின்னம் வருகிறது, பிறகு 'தொடக்க வட்டு இல்லை' என்று ஆங்கிலத்தில் செய்தி. முதலில் செருகியிருக்கும் விரலியைப் பிடுங்குங்கள். கணினி அதில் விண்டோசைத் தேடிக்கொண்டிருக்கலாம். தேதியும் நேரமும் பழைய ஆண்டுக்குப் போயிருந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். அதை மாற்றினால் போதும்.

நான்காம் படி. விண்டோஸ் தொடங்கிப் பாதியில் நிற்கிறது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடங்க முடியாமல் போனால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சேஃப் மோட்' ஆகியவை உண்டு. இந்த இரண்டையும் முயலலாம். 'ரீசெட்' என்பதை மட்டும் இப்போது தொடாதீர்கள்.

ஐந்தாம் படி. இதுதான் தகவலை மீட்கும் படி. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாவுஸ் நோப்பர், நோப்பிக்ஸ் என்னும் லினக்ஸ் அமைப்பை வெளியிட்டார். அதை நிறுவாமலேயே குறுவட்டிலிருந்து நேரடியாக ஓட்டலாம். இன்று உபுண்டு போன்றவற்றை விரலியில் ஏற்றி அதேபோல் ஓட்டலாம். நண்பரின் கணினியில் அந்த விரலியைத் தயார் செய்து, உங்கள் கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். 'நிறுவு' என்பதை அழுத்தாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வட்டு திரையில் தெரியும். கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தடை வரலாம். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருக்கும். திறக்க 48 இலக்க மீட்புக் குறி வேண்டும். பொதுவாக அது, கணினியை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும் இன்றே அதைத் தேடி, தாளில் எழ்தி வைத்துவிடுங்கள்.

வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று தட்டும் ஒலி கேட்டால் எல்லா முயற்சியையும் உடனே நிறுத்துங்கள். அது உடல் பழுது. தட்டத் தட்டக் கெடும். கடைக்குக் கொடுக்கும்போதும் "ஃபார்மட் பண்ணிடாதீங்க, முதல்ல ஃபைல் வேணும்" என்று தெளிவாகச் சொல்லி, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

6. தமிழுக்கு மட்டும் ஓர் இரண்டாவது பூட்டு

வட்டு திறந்துவிட்டது, கோப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் 1998இல் தட்டச்சு செய்த தமிழ்ப் பயிற்சித்தாளைத் திறந்தால் தமிழே இல்லை. புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரை முழுக்க. "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடாதீர்கள். கோப்பு நலமாக இருக்கிறது. எழுத்துரு மட்டும்தான் காணோம்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. அன்றைய கணினி ஒவ்வோர் எழுத்தையும் 256 எண்களுக்குள் அடக்கியது. தமிழ் மென்பொருள் செய்தவர்கள் அந்த எண்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறியது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கி உருவாக்கிய முரசு அஞ்சல், மலேசியத் தமிழர்கள் கணினியில் தமிழ் எழுத வழிகாட்டியது. இந்தக் குறியாக்கக் குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் அறிஞர்கள் கூடினார்கள். சென்னைக் கூட்டத்தின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் தாம், தாப் குறியாக்கங்களும் வந்தன. அடுத்து உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது.

1991இல் வந்த யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே அது வீட்டுக் கணினியில் மெல்லப் புழங்கத் தொடங்கியது. ஆகவே 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் எழுதப்பட்ட தமிழ்க் கோப்புகளில் பெரும்பாலானவை பழைய குறியாக்கத்தில்தான் இருக்கும்.

ஆகவே பழைய கணினியை மீட்கும்போது ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். அதுதான் இரண்டாவது பூட்டின் சாவி. அந்த எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவினால் தமிழ் மறுபடி தெரியும். பிறகு சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். கால் வாங்கியும் ஒற்றைக்கொம்பும் இடம் மாறக்கூடும் என்பதால், மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது அவசியம்.

7. நம் பொறுப்பு

நம் பள்ளி வைப்பறைகளிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீடுகளிலும் எழும்பாத பழைய கணினிகள் கிடக்கின்றன. "ஓட மாட்டேங்குது, இரும்புக் கடையில போட்டுடலாம்" என்று சொல்வது எளிது. அவற்றுக்குள் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தயாரித்த வினாத்தாள்களும் பள்ளி மலர்களும் நாடகப் பிரதிகளும் இருக்கலாம். மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை நாளை எழுதப்போகிறவருக்கு அவைதான் சான்றுகள். கணினியைத் தூக்கிப்போடலாம், அதற்கு முன் வன்தட்டைக் கழற்றி, யார் கணினி, எந்த ஆண்டு என்று எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள். நான்கு திருகாணிதான்.

இன்றைய கோப்புகளுக்கும் இதே அக்கறை வேண்டும். ஒரு நகல் கணினியில், ஒரு நகல் வெளி வன்தட்டில், ஒரு நகல் டெலிமா கணக்கின் மேகச் சேமிப்பில். பள்ளி மாறினாலும் ஓய்வு பெற்றாலும் அந்தக் கணக்கு கைவிட்டுப் போகலாம் என்பதால் வெளி வன்தட்டை விட்டுவிடாதீர்கள்.

மாணவர்களுக்கான சிந்தனை வினாக்கள்

1. 'பூட்' என்ற சொல் எப்படிப் பிறந்தது? அது சுட்டும் சிக்கலை உங்கள் சொற்களில் விளக்குக.
2. 1999இல் சி.ஐ.எச். தாக்கிய வட்டுகளில் சிலவற்றை மீட்க முடிந்தது ஏன்?
3. 2024இல் திருத்தம் 78 நிமிடங்களில் வந்தும் சீரமைப்புக்கு நாள்கள் பிடித்ததற்குக் காரணம் யாது?
4. கோப்பு கெட்டுப்போவதற்கும் எழுத்துரு இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் எழுதுக.
5. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ உள்ள பழைய கணினி ஒன்றில் என்னென்ன இருக்கக்கூடும் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியலிடுக.